முறம் யாருடையது

1986 புரட்டாசி, ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் இருந்தவர்கள்:

விருத்தாசலம், நடுவர். லேபர் சட்டத்திலேயே முப்பது வருஷம் இருந்து ரிட்டையரானவர்.

அரங்கநாதன், திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய் மில்லின் முதலாளி.

சீனுவாசன், முதலாளியின் வக்கீல்.

சுப்பராயலு, மில் மேஸ்திரி. நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தான்.

மாரியப்பன், சங்கச் செயலாளர். மில்லில் வேலை செய்பவர் இல்லை.

சவுரியம்மாள், வயது முப்பத்தெட்டு. அதே மில்லில் மல்லாட்டைப் பருப்பு பொறுக்கியவள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்குப் பெயர் மல்லாட்டை.

சின்னதுரை, அதாவது நான். மில்லின் இரவு வாட்ச்மேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சங்கத்துக்குக் குறிப்பு எழுதப் போனவன்.

ஆட்கள் இவ்வளவுதான். இவர்களோடு மேஜைமேல் ஒரு முறம் இருந்தது.

விஷயம் சின்னது. வைகாசியில் ஒரு நாள் மல்லாட்டை உடைக்கும் மெஷினின் பெல்ட் அறுந்து பறந்து சவுரியம்மாளின் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு விட்டுப்போனது. இரண்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு ஒலக்கூர்ப் பக்கம் தன் காலனியில் கிடந்தாள். கட்டைப் பிரித்துவிட்டு வேலைக்கு வந்தபோது சுப்பராயலு கேட்டிலேயே நிறுத்தி, ‘ஆள் போட்டாச்சு, போ’ என்றான். சங்கம் தலையிட்டது. இரண்டு பக்கமும் ஒரு நடுவரை வைத்துக்கொள்வது, அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நடுவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சவுரியம்மாள் அந்த மில்லின் தொழிலாளியா, இல்லையா. தொழிலாளி என்றால் அவளைத் திரும்ப எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மில்லுக்கும் அவளுக்கும் பேச்சே இல்லை.

இதற்கு ஐந்து மாதம் முன்பு, அடிபடுவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் என் பங்கு உண்டு.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் சங்கத்துக்கு ஓர் அறை இருந்தது. மாரியப்பன் அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு வைப்பார். சங்கம் என்றால் கொடி பிடிப்பது மட்டுமில்லை, வார்த்தை தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. நான் பி.ஏ. எகனாமிக்ஸ் இரண்டாம் வருஷத்தில் விட்டவன். நோட்ஸ் கையில் இருந்தது. “நீ சொல்லு தொரை, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்று என்னைப் பிடித்துவிட்டார். ராத்திரி முழுக்க மில் கேட்டில் உட்கார்ந்துவிட்டு, காலையில் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வார்த்தைகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வேலைப் பிரிவினை, உபரி, கூட்டு பேரம், வேலைநிறுத்தம், கதவடைப்பு, முதலாளி, பாட்டாளி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம்.

பருப்பு பொறுக்கும் பெண்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். யாருக்கும் படிக்கத் தெரியாது. சவுரியம்மாளும் அவள் பக்கத்து வீட்டு இருதயமேரியும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“வேலைப் பிரிவினைன்னா, ஒரே ஆளு எல்லா வேலையும் செய்யாம ஆளுக்கு ஒரு துண்டு செய்யறது” என்றேன்.

“எங்க ஊட்லயும் அப்படித்தான் தம்பி” என்றாள் இருதயமேரி. “ஆக்கறது நானு, துன்றது அவரு.”

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உபரி என்றால் கூலி போக மிச்சம், அது முதலாளிக்குப் போகும் என்றேன். மல்லாட்டைத் தோலாவது தங்களுக்கு உண்டா என்று ஒருத்தி கேட்டாள். அது பாய்லருக்குப் போகிறது என்றேன். “அதுவும் போச்சா” என்றாள்.

கதவடைப்புக்கு வந்தோம். மாரியப்பன் டீ சொல்லக் கீழே இறங்கியிருந்தார்.

“தொழிலாளி கேட்டதைக் குடுக்க மாட்டேன்னு முதலாளி மில்லைப் பூட்டிட்டு, எல்லாரையும் வெளிய நிறுத்திடறது.”

“வெளிய வச்சுப் பூட்டுனா கதவடைப்பு” என்றாள் இருதயமேரி. “உள்ள வச்சுப் பூட்டுனா அதுக்கு இன்னா பேரு?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததற்குக் காரணம் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பெண்கள் பொறுக்கும் ஷெட்டுக்குள் போனதும் தகரக் கதவைச் சாத்தி வெளியில் பூட்டுவது என் வேலை. ராத்திரி ஷிப்டில் நான் செய்யும் கடைசி வேலை அதுதான். சாவியை ஆபீஸில் சுப்பராயலுவிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்புவேன். மத்தியானம் அரை மணி அவன் திறப்பான். அப்புறம் ஆறு மணிக்கு. பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அவசரத்துக்கு வெளியே போக வேண்டும் என்றால் தகரத்தைத் தட்ட வேண்டும்.

“அதுக்குப் பாடத்துல பேரு இல்லக்கா” என்றேன்.

மில்லுக்குள்ளும் சங்கத்திலும் அவர்களை அக்கா என்பேன். ரோட்டில் பார்த்தால் கூப்பிட்டதில்லை. அவர்களும் எதிர்பார்த்ததில்லை.

மாரியப்பன் டீயோடு மேலே வந்தார். கடைசி வார்த்தை பாட்டாளி. தூக்கத்தில் கண் சொருகியது. தாளில் இருந்ததை அப்படியே படித்தேன். “பாட்டாளி என்பவர் தன் உழைப்பைத் தவிர உற்பத்திக் கருவி எதுவும் சொந்தமாக இல்லாதவர்.”

“கருவின்னா?” என்றாள் சவுரியம்மாள்.

“வேலை செய்யற சாமான்.”

“அப்ப நான் அது கெடையாது. என் மொறம் என்னுது.”

அவள் சொன்னது உண்மை. முன்பு மில்லே முறம் கொடுத்தது, விளிம்பில் தாரால் ஒரு குறி போட்டு. மூங்கில் பிளாச்சு பிரிந்து விரலைக் கிழிக்கும் முறங்கள். மூன்று வருஷம் முன்பு சுப்பராயலு, ‘இனிமே அவங்கவங்க மொறத்தை அவங்கவங்களே எடுத்துக்கினு வாங்க’ என்று சொன்னபோது பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். சொந்த முறம் கைக்கு அடங்கும். சாணியும் அரைத்த வெந்தயமும் போட்டு மெழுகினால் சந்து அடைந்து வழவழப்பாகிவிடும். சவுரியம்மாள் தன்னுடையதின் விளிம்பில் நீல நூலால் ஒரு சிலுவை தைத்திருந்தாள். அந்த உத்தரவை ஏன் போட்டார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

“அப்ப நீங்க சின்ன முதலாளிக்கா” என்றேன். வகுப்பை முடிக்கச் சொன்ன வார்த்தை.

எல்லோரும் சிரித்தார்கள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அந்தக் காலண்டர் தாளைக் கேட்டாள். “ஒனக்கு இன்னாத்துக்குடி, படிக்கவா போற?” என்றாள் இருதயமேரி. நான் கொடுத்துவிட்டேன். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஷிப்ட் முடித்து அப்படியே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மாரியப்பனும் சவுரியம்மாளும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்கள். அவள் முறத்தை ஒரு பழைய சீலைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தாள். என்ன வேலை என்று நடுவருக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று மாரியப்பன்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

கண்டக்டர் பார்த்தான். “இன்னாம்மா, சீர் எடுத்துக்கினு கல்யாணத்துக்கா?”

“பஞ்சாயத்துக்கு” என்றாள்.

மயிலம் கூட்டுரோடு தாண்டியதும் மாரியப்பன் முன் சீட்டிலிருந்து திரும்பினார். அவருக்குப் புத்தி வேலை செய்திருந்தது. “வக்கீலு மொறத்தைத்தான் புடிப்பான். மொறம் யாருதுன்னு கேப்பான். மில்லு குடுத்துதுன்னு சொல்லிடு. முடிஞ்சிது.”

“மில்லு குடுக்கலியே.”

“தெரியும். சொல்லு.”

“பைபிள் மேல அடிக்கச் சொல்லுவாங்களா?”

“இது கோர்ட்டு இல்ல. சத்தியம் கித்தியம் கெடையாது. மூணு வருஷத்துக்கு முந்தி குடுத்துகினுதான இருந்தாங்க? அதுல ஒண்ணு இதுன்னு சொல்லு.”

“அந்த மொறமும் இந்த மொறமும் ஒண்ணா?”

“யம்மா, பேஜாரு பண்ணாத. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும். அதுக்குத்தான வர்றேன்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “எங்கப்பாரு காலத்துல ஏரு ஆண்டையோடது. மாடு ஆண்டையோடது. மம்புட்டி கூட ஆண்டையோடது. ஊடு இருக்கற எடம் பொறம்போக்கு. சந்தையில நானா பேரம் பேசி எங்காசுல வாங்குனது இது ஒண்ணுதான். இதையும் அவனுதுன்னு சொல்லணுமா?”

“ஒரு பேச்சுக்குத்தான?”

மாரியப்பன் என்னைப் பார்த்து, “நீ சொல்லேன், நீதான வாத்தி” என்றார். சொந்தக் கருவி இருந்தால் சட்டம் அவளைத் தொழிலாளி இல்லை என்று தள்ளிவிடும், சின்ன முதலாளி என்று நான் சொன்னது கேலிக்கு, என்று அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். “மாரியப்பண்ணன் சொல்றபடி செய்யுங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். விழுப்புரம் வரும்வரை தூங்கினேன்.

வக்கீல் சீனுவாசன் குரலை உயர்த்தவே இல்லை.

“அம்மா, உங்க பேரு?”

சவுரியம்மாள் ஒரு கணம் தடுமாறினாள். மில்லில் மேலே இருக்கிறவர்கள் யாரும் அவளை நீங்க என்று பேசியதில்லை. சுப்பராயலு ‘இன்னாடி’ என்றுதான் ஆரம்பிப்பான். பெயரைச் சொன்னாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். முறத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தை விரலால் தடவினார்.

“ரொம்ப நல்லா மெழுகியிருக்கீங்க. இது யாரு பண்ணது?”

“நானுதான்.”

“முறம் யாருதும்மா?”

மாரியப்பன் இருமினார். அவள் அவரைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள்.

“என்னுது.”

“மில்லு குடுத்தது இல்லையே?”

“மில்லு குடுத்தா இந்த மாதிரியா இருக்கும்?”

முதலாளி அரங்கநாதன் லேசாகச் சிரித்தார். மாரியப்பன் எழுந்து, “ஐயா, அந்தம்மாவுக்கு வெவரம் தெரியல” என்றார். நடுவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“எல்லாம் தெரியும்” என்றாள் சவுரியம்மாள். மடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். என் காலண்டர் தாள். “தோ, எழுத்துலயே இருக்குது சார். கூலிக்காரின்னா போன்னு தொரத்தலாம். சொந்தமா கருவி வச்சிக்கினு இருக்கறவங்க கூலிக்காரங்க இல்ல, சின்ன மொதலாளி. அவங்கள எப்படித் தொரத்த முடியும்?”

அவள் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் பிசகு எதுவும் இல்லை. அவள் பிறந்த ஊரில் விரட்டப்படுகிறவர்கள் எல்லோரும் கூலிகள்தான். சொந்தமாக ஏதாவது இருக்கிறவனை அங்கே யாரும் விரட்டிப் பார்த்ததில்லை. கூலி என்பதற்கு ஒரு படி மேலே போய்விட்டால் வேலை நிலைக்கும் என்று நினைத்திருக்கிறாள். ஐந்து மாதமாக அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

வக்கீல் தாளை வாங்கிப் படித்துவிட்டு நடுவரிடம் கொடுத்தார். நடுவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

“யாரு எழுதினது?”

“நான்” என்றேன்.

“என்ன படிச்சிருக்க?”

“பி.ஏ. எகனாமிக்ஸ் சார். முடிக்கல.”

“விளக்கம் சரியாத்தான் இருக்கு” என்றார். தாளைத் தன் பைலுக்குள் வைத்துக்கொண்டார்.

“நீங்க வெளிய உக்காருங்கம்மா, முடிஞ்சிது” என்றார் வக்கீல். சவுரியம்மாள் முறத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். போகும்போது முகத்தில் தெளிவு இருந்தது. தனக்குச் சாதகமாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

மாரியப்பன் விடவில்லை. முறம் யாருடையதாக இருந்தால் என்ன, வேலை மில்லுக்குள் நடக்கிறது, மெஷின் மில்லுடையது, நேரம் மில் வைப்பது என்று பேசினார். நன்றாகவே பேசினார். நடுவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசிப் பாயிண்டில் நிறுத்தினார்.

“நேரம் மில் வைக்கறதா? இது முக்கியம்.”

அரங்கநாதன் முதல்முறையாக வாயைத் திறந்தார். “நேரமே கெடையாதுங்க. மூட்டைக் கணக்கு வேலை. அவங்க இஷ்டத்துக்கு வருவாங்க, இஷ்டத்துக்குப் போவாங்க. காலைல வந்து ஒரு மூட்டை பாத்துட்டு மார்க்கெட்டுக்குப் போற பொம்பளையும் உண்டு. நாங்க யாரையும் புடிச்சு வைக்கறது இல்ல.”

“அப்படியா மேஸ்திரி?”

“ஆமாங்க” என்றான் சுப்பராயலு.

நடுவர் மாரியப்பனைப் பார்த்தார். மாரியப்பன் மில்லுக்குள் வந்ததே இல்லை, கேட்டைத் தாண்ட அவரை விடமாட்டார்கள். “அப்படி இருக்காதுங்க” என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“போக வர சுதந்திரம் இருந்துதுன்னு மில் தரப்பு சொல்லுது” என்றார் நடுவர். “யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்.”

அந்த ஹாலில் ஷெட்டுக் கதவின் பூட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பேசி முடித்துவிட்டார்கள். அன்று காலை ஏழு மணிக்கு இருபத்தொரு பெண்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏறியிருந்தேன். சாவி பிடித்த கை அப்போது பேனா பிடித்திருந்தது. சொல்ல வேண்டியது, ‘சார், நான் தினமும் வெளியில் பூட்டுகிறேன்’ என்ற ஒரு வரி. இஷ்டத்துக்கு வந்து போகிறவர்களை யாரும் வெளியிலிருந்து பூட்டுவதில்லை. நடுவர் மூளை உள்ள மனிதர். அந்த ஒரு வரி முறத்தைவிடக் கனமாக நின்றிருக்கும்.

என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அரங்கநாதன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருப்பதாக அவர் நினைக்கவில்லை என்று தோன்றியது.

நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நியாயமான அளவு காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எழுதினார். நானும் என் குறிப்பில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல நன்றாகவே இருந்தது.

திரும்பி வரும்போது சவுரியம்மாள் பஸ்ஸில் நிம்மதியாக இருந்தாள். வக்கீல் மரியாதையான மனுஷன் என்றாள். மாரியப்பன் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வாரத்தில் முடிவு தபாலில் வந்தது. மூன்று பக்கம், டைப் அடித்தது. சங்க அறையில் மாரியப்பன் அவளுக்குப் படித்துக் காட்டினார். கருவி சொந்தமானது, வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, கூலி மூட்டைக்கு. எனவே இவர் மில்லின் தொழிலாளி ஆகமாட்டார்.

“அப்ப நான் யாரு?” என்றாள் சவுரியம்மாள்.

“அது இதுல எழுதல” என்றார் மாரியப்பன்.

“சின்ன மொதலாளின்னாவது போட்டுக்கீறாங்களா?”

“இல்ல.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபமா என்று தெரியாது. பூட்டு விஷயத்தை நான் மாரியப்பனிடம் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது.

ஐப்பசி பாதியில் புது மல்லாட்டை வர ஆரம்பித்தது. கிளியனூர்ப் பக்கத்திலிருந்தும் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்து கேட்டில் நின்றது. பொறுக்க ஆள் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை, மணி ஏழாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது சவுரியம்மாள் முறத்தோடு கேட்டில் நின்றாள். இருதயமேரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

சுப்பராயலு பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டு வந்தான். “வாங்க வாங்க, சின்ன மொதலாளி. கார்ல வர்லியா?”

“கார் ரிப்பேரு” என்றாள்.

“கை ஆடுதா?”

அவள் வெறும் முறத்தை நாலு முறை புடைத்துக் காட்டினாள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. அதை முழங்கையால் சமாளித்தாள். பார்த்தால் தெரிந்தது. சுப்பராயலுவுக்கும் தெரிந்தது.

“இந்த சீசன் மட்டுந்தான். நாளைக்கே வேணான்னா நின்னுக்கணும். அப்புறம் சங்கம் கிங்கம்னு விழுப்புரத்துக்கு பஸ்ஸு ஏறக் கூடாது.”

“சரி.”

“சரிங்கன்னு சொல்லு.”

“சரிங்க.”

சுப்பராயலு ஆபீஸுக்குப் போனான். பெண்கள் ஒவ்வொருவராக ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். நான் சாவியோடு கதவருகில் நின்றேன். சவுரியம்மாள் கடைசி. வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“அந்தக் காகிதம் அவுங்ககிட்டயே நின்னுப்போச்சு தம்பி” என்றாள்.

“ஆமாக்கா.”

“போவட்டும். மொறம் திரும்பி வந்துச்சு.”

வெளிச்சத்துக்காகக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவது அவள் பழக்கம். அந்த இடத்தில் இப்போது வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சவுரியம்மாள் இடுப்பில் முறத்தை இடுக்கிக்கொண்டு உள்பக்கம் தள்ளிப் போனாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. புழுதி எழும்பியது.

“ஜல்தி சாத்து தொரை, காத்து அடிக்குது, பருப்பு பறக்குது” என்று உள்ளேயிருந்து இருதயமேரி கத்தினாள்.

தகரக் கதவை இழுத்துச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி எடுத்தேன். சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.